பானையில தேதி போட்டிருந்துச்சா?

அக்கா பொண்ணு ஆறாவது படிக்கறா. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கீழடி பாடத்த சத்தமா மனப்பாடம் பண்ணிட்டு இருந்தவ திடீர்னு நிறுத்திட்டு, "மாமா, இது 2600 வருஷம் பழசுன்னு யாரு சொன்னா, பானையில தேதி போட்டிருந்துச்சா?"ன்னு கேட்டா. கார்பன் டெஸ்ட்டுன்னு ஒரே வார்த்தையில சொல்லித் தப்பிச்சிடலாம்னு பாத்தேன். "பானை மண்ணுதானே, அதுல எங்க கார்பன்?"னு அடுத்த கேள்வி ரெடியா வந்துச்சு. அவ கேட்டது ரொம்ப சரி. சுட்ட மண்ண அப்படியே எடுத்து கார்பன் தேதி பாக்க முடியாது, அதோட சேர்ந்து கிடந்த அடுப்புக்கரி மாதிரி ஒண்ணத்தான் லேபுக்கு அனுப்புவாங்க. அப்ப கரியோட வயசு எப்படி பானையோட வயசாகும்? இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லிட்டோம்னா பழங்கால வரலாற எப்படி நடத்தணுங்கறதுல பாதி முடிஞ்சிடும்னு எனக்குத் தோணுது.

நம்ம பாடத்துல பொருளுக்கு என்ன இடம் குடுத்திருக்கோம்னு பாருங்க. ராஜா பேரு, போர், ஆட்சிச் சிறப்பு அஞ்சு பாயின்ட், ஓரத்துல ஒரு கட்டம் போட்டு பானை படம். படம் வெறும் அலங்காரத்துக்கு, கல்யாண வீட்டு வாசல்ல வாழமரம் கட்டற மாதிரி. கேள்வித்தாள்லயும் "எங்கு கிடைத்தது"ன்னுதான் வரும், அத வெச்சு என்ன தெரியுதுன்னு வராது. இத்தனைக்கும் நம்ம பழைய காலத்துக்கு பொருள் இல்லாம வேலையே நடக்காது. சங்கப் பாட்டு எதுலயும் இந்த வருஷம் எழுதினதுன்னு கிடையாது, அந்தப் பாட்டுக்கெல்லாம் காலம் குறிக்கறதுக்கே கல்வெட்டு, காசு, பானை ஓடுன்னு வெளியில இருந்துதான் ஆதாரம் தேடறாங்க.

சரி, கரிக்கு வருவோம். மரமோ நெல்லோ உயிரோட இருக்கற வரைக்கும் காத்துல இருந்து கார்பன எடுத்துக்கிட்டே இருக்கும், செத்ததும் நின்னுடும், உள்ள இருக்கற கார்பன் 14ங்கற ஒரு வகை கார்பன் மட்டும் 5730 வருஷத்துக்கு பாதியாங்கற கணக்குல குறைஞ்சிக்கிட்டே வரும். மிச்சம் எவ்வளவுன்னு அளந்தா எப்ப செத்துச்சுன்னு சொல்லலாம். இதுல ஒரு சிக்கல், கரி சொல்றது அந்த மரக்கட்டை வளர்ந்த காலத்த, அடுப்புல எரிஞ்ச நாள இல்ல. நூறு வருஷ வேலமரத்தோட நடுக்கட்டைய எரிச்சிருந்தா தேதி நூறு வருஷம் முன்னாடி போயிடும். அதனாலதான் பழனிக்குப் பக்கத்துல பொருந்தல்ல பேராசிரியர் ராஜன் குழு தோண்டினப்ப ஒரு கல்லறைக்குள்ள நாலுகால் ஜாடியில ரெண்டு கிலோ அளவுக்கு நெல்லு கிடைச்சது அவ்வளவு பெரிய விஷயமாச்சு. நெல்லு ஒரு வருஷப் பயிர், மரம் மாதிரி நூறு வருஷம் முன்னபின்ன ஆக வழியே இல்ல. தேதி கி.மு. 490ன்னு வந்துச்சு, அந்தக் கல்லறையிலயே ஒரு பானை தாங்கியில தமிழி எழுத்துல, அதாவது தமிழ் பிராமிங்கற பழைய தமிழ் எழுத்துல, "வய்ர"ன்னு கீறியிருந்தது. ஒரே தேதிய வெச்சு எழுத்தே அவ்வளவு பழசுன்னு சொல்றத சில அறிஞர்கள் ஒத்துக்கல, அதையும் கிளாஸ்ல சொல்லணும்.

கரியையும் பானையையும் சேர்த்து வைக்கறது மண்ணடுக்கு. இத வீட்டுல பரண்ல கிடக்கற பழைய பேப்பர் கட்ட வெச்சே சொல்லிடலாம். அடியில இருக்கறது முதல்ல போட்டது, மேல இருக்கறது நேத்து போட்டது, நடுவுல ஒரு மின்சார பில்லு தேதியில்லாம கிழிஞ்சு கிடந்தாலும் மேல கீழ உள்ள பேப்பர் தேதிய பாத்து அது எந்த வாரத்துதுன்னு சொல்லிடலாம். பானைங்கறது அந்தக் கிழிஞ்ச பில்லு மாதிரி. ஆனா நடுவுல எவனாவது போண்டா மடிக்க ரெண்டு பேப்பர உருவிட்டு வேற எதையோ சொருகியிருந்தா கணக்கு போச்சு. மண்ணுல அந்த வேலைய எலி செய்யும், மரவேர் செய்யும், பின்னாடி வந்தவன் கிணறு தோண்டுவான், குப்பைக்குழி வெட்டுவான். அதனால குழி தோண்டறவங்க பொருள மட்டும் பாக்க மாட்டாங்க, குழியோட சுவர மணிக்கணக்கா பாத்துட்டு நிப்பாங்க, எங்க மண்ணு நிறம் மாறுது, எங்க பழைய குழி வெட்டி உள்ள இறங்கியிருக்குன்னு.

கீழடி அறிக்கையில இருந்து ஒரு கணக்கு எடுத்து அவகிட்ட குடுத்தேன். 2019ல தமிழ்நாடு தொல்லியல் துறை போட்ட அறிக்கையில 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த சாம்பிளுக்கு கி.மு. 580, 200 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்ததுக்கு கி.மு. 205ன்னு இருக்கு, அமெரிக்காவுல ஃப்ளோரிடா லேபுல பாத்தது. ஆழத்துல வித்தியாசம் 153 சென்டிமீட்டர், காலத்துல 375 வருஷம். ஒரு சென்டிமீட்டர் மண்ணு சேர எத்தன வருஷம்? ரெண்டரை வருஷம் பக்கத்துல வருது. அவளுக்கு ஒரே சந்தோஷம், அப்ப 300 சென்டிமீட்டர்ல கிடைச்ச ஓடு எந்த வருஷம்னு நானே சொல்லுவேன்னா. சொல்லட்டும், அதுக்கப்புறம்தான் பாடமே ஆரம்பிக்குது. மண்ணு அப்படி ஒரே சீரா சேருமா, வைகையில வெள்ளம் வந்தா ஒரே ராத்திரியில எவ்வளவு சேரும், வீடு இடிஞ்சா எவ்வளவு, ரெண்டு சாம்பிளும் ஒரே குழியில இல்லாம வேற வேற குழியில எடுத்திருந்தா இந்தக் கழித்தலுக்கு அர்த்தம் இருக்கா? போதாக்குறைக்கு கி.மு. 800ல இருந்து 400 வரைக்கும் உள்ள காலத்துக்கு கார்பன் முறை கொஞ்சம் மொக்கை, அந்த நாலு நூற்றாண்டுல எது விழுந்தாலும் தேதி அகலமாத்தான் வரும், கீழடியோட அடிப்பகுதி சரியா அந்த இடத்துலதான் இருக்கு. அதுக்காக 580 பொய்யின்னு அர்த்தம் இல்ல. வருஷத்த காலண்டர் தேதி மாதிரி பிடிச்சுக்கிட்டு சண்ட போடக்கூடாது, அவ்வளவுதான்.

கார்பன் முறைய அமெரிக்க விஞ்ஞானி லிப்பி கொண்டுவந்ததே 1949ல. அதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க? இங்கதான் அரிக்கமேடு வருது, கிளாஸ்ல நடத்த எனக்குத் தெரிஞ்சு இதவிட நல்ல துப்பறியும் கதை தென்னிந்தியாவுல கிடையாது.

புதுச்சேரி பக்கத்துல அரியாங்குப்பம் ஆத்தங்கரையில ஒரு மேடு. 1930கள்ல அந்த ஊர்ப் பசங்க மண்ணுல பொறுக்கின மணி, கல்லையெல்லாம் ழுவோ துப்ருய்ல்னு ஒரு பிரெஞ்சு ஆய்வாளர்கிட்ட குடுத்து காசு வாங்கிக்கிட்டு இருந்தாங்க, அதுல ஒரு கல்லுல மனுஷத் தலை செதுக்கியிருந்தது, அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ்னு அவர் நெனச்சார். 1944ல இந்தியத் தொல்லியல் துறைக்கு தலைவரா வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை மியூசியத்துல ஒரு அலமாரிய குடைஞ்சப்ப ஒரு சாடியோட கழுத்தும் கைப்பிடியும் கிடைச்சுது. மனுஷன் ஐரோப்பாவுல ரோமானிய இடங்கள தோண்டியே பழகினவர், பாத்ததும் தெரிஞ்சுடுச்சு, இது மத்தியதரைக்கடல் பக்கம் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் ஊத்தி கப்பல்ல ஏத்தற ஆம்போரா சாடி. எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா புதுச்சேரிங்கறாங்க. நேரா கிளம்பிப் போய் 1945ல தோண்டினார்.

தோண்டினதுல பளபளன்னு சிவப்புப் பூச்சு பூசின மெல்லிசான தட்டு ஓடுங்க வந்துச்சு. இத்தாலியில அரெஸ்ஸோங்கற ஊர்ல செய்யற பாத்திரம், அரிட்டைன்னு சொல்லுவாங்க. அதோட விசேஷம் என்னன்னா தட்டோட அடியில பட்டறைக்காரன் பேர முத்திரையா குத்தியிருப்பான், விபி, கமுரி, இட்டான்னு அரிக்கமேட்டு ஓடுகள்ல மூணு பேரு இருக்கு. எந்தப் பட்டறை எப்ப ஓடுச்சுன்னு ஐரோப்பாவுல ஏற்கெனவே தெரியும், ஏன்னா ஜெர்மனியில ஹால்டர்ன் மாதிரி ரோமானிய ராணுவ முகாமெல்லாம் கி.பி. 9 வாக்குல தோத்து விட்டுட்டு ஓடினதுன்னு வரலாற்றுப் பதிவு இருக்கு, அங்க என்ன ஓடு கிடக்குதோ அது அதுக்கு முன்னாடி செஞ்சது. இப்படி ஒவ்வொண்ணா கட்டி வெச்சிருந்தாங்க, கி.பி. 50 வாக்குல அந்த வகை உற்பத்தியே நின்னு போச்சுன்னு கணக்கு. ஆக அக்கா பொண்ணு கேட்டது உண்மையில நடந்திருக்கு பாருங்க, பானையில கிட்டத்தட்ட தேதி போட்டிருந்துச்சு.

வீலரோட புத்திசாலித்தனம் ரோம் ஓடு கிடைச்சுதுன்னு குதிச்சதுல இல்ல. அந்த ஓடு எந்த அடுக்குல கிடந்துச்சோ அதே அடுக்குல கிடந்த நம்ம ஊர்ப் பானைக்கும் அதே காலம்னு புடிச்சார். நம்ம பானைகள்ல ஒண்ணு தட்டோட உள்பக்கம் நடுவுல வட்டம் வட்டமா பொடிப்பொடி கோடு ஓடியிருக்கும், ரௌலட்டட்னு பேரு. இதே வகை கர்நாடகாவுல சித்ரதுர்கா பக்கம் பிரம்மகிரியில இருக்கும்னு தெரிஞ்சு 1947ல அங்க போய் தோண்டினார், அங்க அந்த ஓட்டுக்கு கீழ்த்தட்டுல பெருங்கற்கால ஆளுங்களோட, அதாவது பெரிய பெரிய கல்ல வெச்சு கல்லறை கட்டினவங்களோட பொருளு இருந்துச்சு. இத்தாலியில ஒரு குயவன் குத்தின முத்திரைய புடிச்சுக்கிட்டு கர்நாடகாவுல எழுத்தே இல்லாத மக்களோட காலத்துக்கு ஒரு அளவுகோல் போட்டாச்சு. சும்மா ஓடு, ஒரு காசுக்குப் பெறாது, அத வெச்சு இவ்வளவு தூரம் போனாங்கன்னு பசங்களுக்கு மேப்ல விரல வெச்சு காட்டினா போதும், அரெஸ்ஸோ, அரிக்கமேடு, பிரம்மகிரி.

இதுல தப்பும் நடந்துச்சு, நடத்தறப்ப அத ஒளிக்கக் கூடாது, சொல்லப்போனா அதுதான் ரொம்ப முக்கியம். ரௌலட்டட் பாத்திரம் முதல்ல மத்தியதரைக்கடல்ல இருந்து வந்ததுன்னுதான் வீலர் நெனச்சார், இவ்வளவு நேர்த்தியா இங்க செஞ்சிருப்பாங்களாங்கற மாதிரி. ரோமானியர்கள் வந்துதான் அரிக்கமேட்டுல ஒரு வியாபார ஸ்டேஷன் தொடங்கினாங்கன்னும் சொன்னார். அப்புறம் விமலா பெக்லிங்கற தொல்லியல் ஆய்வாளர் அந்த ஓடுகள எல்லாம் திரும்ப உக்காந்து பாத்தாங்க, 1989ல இருந்து 1992 வரைக்கும் அங்கயே தோண்டினாங்க. ரோம் சாமான் வர்றதுக்கு முன்னாடியே அங்க ஊர் இருந்திருக்கு, ரோம் வியாபாரம் குறைஞ்ச பிறகும் ஊர் ஓடியிருக்கு, ரௌலட்டட் இந்தியாவுலயே செஞ்சதுதான்னு ஆச்சு. மண்ணோட ரசாயனத்த பாத்ததுலயும் அப்படித்தான் வந்துச்சு, எந்தப் பக்கம் செஞ்சாங்கன்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. அதே பாத்திரம் வங்காளத்துல, அனுராதபுரத்துல, இந்தோனேசியாவுல பாலித் தீவுல எல்லாம் கிடைக்குது, ஆக கிழக்குப் பக்கமும் பெரிய கடல் வியாபாரம் ஓடியிருக்கு, ரோமையே பாத்துக்கிட்டு இருந்ததுல அது கண்ணுக்குப் படல. ஓடு மாறல, அதே ஓடுதான், கேட்ட கேள்வி மாறுச்சு. ஒரு தியரி எப்படி விழுதுன்னு ஒரு தடவ பாத்த பையன் அடுத்தது வாட்ஸப்ல "உலகின் முதல்"னு எதாவது வந்தா சட்டுனு ஃபார்வர்ட் பண்ண மாட்டான்னு ஒரு நம்பிக்கை எனக்கு.

எதிர்ப்பக்கத்துல இருந்தும் இந்தக் கதைக்கு சாட்சி இருக்கு. எகிப்துல செங்கடல் கரையில பெரனிகே துறைமுகத்துல ஒரு கோயில் முற்றத்துல இந்தியாவுல செஞ்ச பெரிய சாடி புதைஞ்சு இருந்துச்சு, உள்ள ஏழரை கிலோ மிளகு, ரெண்டாயிரம் வருஷமா அப்படியே. அதே ஊர்ல தமிழி எழுத்துல கொற்றன்னு பேர் கீறின ஒரு ஆம்போரா ஓடும் கிடைச்சுது. யவனர் பொன்னோட வந்து மிளகோட போனாங்கன்னு அகநானூறு 149ல முசிறியப் பத்தி வருது, தமிழ் வாத்தியார் அத ஒரு கிளாஸ்ல நடத்தறார், வரலாறு வாத்தியார் ரோம் வணிகம்னு இன்னொரு கிளாஸ்ல நடத்தறார், ரெண்டு பேரும் ஸ்டாஃப் ரூம்ல பக்கத்துப் பக்கத்து சேர்ல உக்காந்துதான் டீ குடிக்கறாங்க. அந்த மிளகையும் பாட்டையும் ஒரே நாள்ல ஒரே மேஜையில வெச்சா என்னன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆத்திரம்.

பொருள் பேசாத விஷயமும் உண்டு, அதையும் சொல்லிக் குடுக்கணும். கீழடியில சாமி சிலையே கிடைக்கல, அதனால அங்க மதமே இல்லன்னு ஒரு கூட்டம் எழுதுச்சு, இன்னொரு கூட்டம் பொங்கி எழுந்துச்சு. அந்த மேடு மொத்தம் 110 ஏக்கர், தோண்டினது அதுல ஒரு மூலை. கிடைக்கலங்கறதும் இல்லங்கறதும் வேற வேற. மரத்துல, துணியில, மஞ்சள்ல பிடிச்சு வெச்சு கும்பிட்டிருந்தா மண்ணுல என்ன மிஞ்சும்? நம்ம வீட்டு அடுப்படி பிள்ளையார் மஞ்சள்ல பிடிச்சது, மறுநாள் கிணத்தடியில கரைச்சு ஊத்தியாச்சு, ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு தோண்டறவன் இந்த வீட்டுல பிள்ளையாரே இல்லன்னு எழுதுவான். மிஞ்சறது ஓடு, கல்லு, எலும்பு, உலோகம். பாட்டுல ராஜாவும் காதலும் போரும் வரும், மண்ணுல பாண்டி ஆடற சில்லும் தாயக்கட்டையும் நூல் நூக்கற தக்களியும் ஆடு மாடு எலும்பும் வரும், எது முழு வரலாறுன்னு கேட்டா ரெண்டும் இல்ல.

கிளாஸ்ல எதுவும் இல்லாம எப்படி இதெல்லாம் நடத்தறதுன்னு கேட்டா, ஒரு குப்பைக்கூடை போதும். வாரக் கடைசியில பக்கத்து கிளாஸ் குப்பைக்கூடைய அடுக்கு கலையாம மெதுவா பிரிக்கச் சொல்லுங்க, திங்கக்கிழமை எது, வெள்ளிக்கிழமை எது, யாரு பொறந்த நாள், என்ன பரீட்சை நடந்துச்சுன்னு பசங்களே சொல்லிடுவாங்க, கொஞ்சம் தப்பாவும் சொல்லுவாங்க, அது இன்னும் நல்லது. குயவர் ஒருத்தர் பக்கத்துல இருந்தா கறுப்பு சிவப்புப் பானை ரகசியத்த சூளையிலயே காட்டலாம். பானைய கவுத்து வெச்சு சுட்டா வெளியில காத்து பட்டு மண்ணுல இருக்கற இரும்பு சிவக்கும், உள்ள காத்து போகாம புகையில கறுத்துடும், ஒரே பானையில ரெண்டு நிறம் எப்படின்னு எழுதி மனப்பாடம் பண்ண வேண்டிய வேலையே இல்ல.

ஒண்ணு மட்டும் வேண்டாம். ஆர்வத்துல பசங்கள மேட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஆளுக்கொரு ஓடு பொறுக்கி பையில போட்டுட்டு வர்றது. கீழடியே ஒரு பள்ளி ஆசிரியர்கிட்ட பசங்க கொண்டாந்து குடுத்த பொருள்ல இருந்துதான் வெளிச்சத்துக்கு வந்துச்சு, உண்மைதான், அவர் அத தொல்லியல் துறைக்கு சொன்னார், அலமாரியில பூட்டி வைக்கல. இடத்த விட்டு எடுத்த ஓடு பேப்பர் கட்டுல இருந்து உருவின பேப்பர் மாதிரி, அதுக்கப்புறம் அதுக்கு மேலயும் கிடையாது கீழயும் கிடையாது. எங்க கிடக்குதுன்னு போட்டோ எடுத்து துறைக்கு சொல்லிட்டு விட்டுடணும்.

கடைசியா எங்க வீட்டுல நடந்தது. கீழடி ஓடுகள்ல ஆதன், குவிரன்னு பேரெல்லாம் தமிழியில கீறியிருக்குன்னு சொன்னதும் "பானையில எதுக்கு பேர் எழுதணும்?"னா. அடுப்படிக்குப் போய் ஒரு எவர்சில்வர் அண்டாவ கவுத்துப் பாருன்னேன். எங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த பாத்திரம், கடையில மெஷின வெச்சு புள்ளி புள்ளியா பேரும் தேதியும் வெட்டியிருக்கு. அவ உடனே நோட்ட எடுத்துக்கிட்டு வீட்டுல இருக்கற பாத்திரம் பூரா கணக்கெடுக்க ஆரம்பிச்சுட்டா, பரீட்சைய மறந்து. முப்பத்தோரு பாத்திரத்துல பேர் இருந்துச்சு. இதுல பேர் யாரோடது, வெச்சிருக்கறவங்களோடதா, மொய்யா குடுத்தவங்களோடதா, செஞ்ச கம்பெனியோடதான்னு மூணா பிரிக்கச் சொன்னேன். ஆதன் விஷயத்துலயும் இதே கேள்விதான், ஈர மண்ணுல எழுதியிருந்தா சுடறதுக்கு முன்னாடியே எழுதினது, அப்ப குயவர் கை பட்டிருக்கலாம், சுட்ட பிறகு கீறியிருந்தா வாங்கினவங்க எழுதியிருக்கலாம், விதவிதமான கையெழுத்துல இருந்தா பல பேருக்கு எழுதத் தெரிஞ்சிருக்குன்னு ஆகும். எங்க வீட்டுக் கணக்குல பெரும்பாலும் குடுத்தவங்க பேருதான். ஒரு பித்தளை சொம்புல மட்டும் "மு. செ. தெய்வானை"ன்னு இருந்துச்சு, கையால வெட்டின எழுத்து, தேதி கிடையாது. அம்மாவ கேட்டோம், தெரியல. பெரியம்மாவுக்கு போன் போட்டோம், நம்ம சொந்தத்துல அப்படி யாரும் இல்லையேன்னாங்க. நோட்டுல அந்த வரிக்கு நேரா அக்கா பொண்ணு கேள்விக்குறி போட்டு, பக்கத்துல "சமையல் ரூம், மேல் பரண், இடது மூலை"ன்னு எழுதி வெச்சிருக்கா.